பை கிழியும் இடத்திலிருந்து தொடங்குங்கள்

பாளையங்கோட்டையில் எனக்குச் சின்னதாக ஒரு கடை. பத்தொன்பது வருடமாகப் பை பழுது பார்க்கிறேன். கொஞ்ச காலமாக, கேட்பவர்களுக்குப் புதிதாகவும் தைத்துக் கொடுக்கிறேன். வெள்ளிக்கிழமை ராத்திரி எழும்பூரில் நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறி, சனிக்கிழமை காலையில் திருநெல்வேலி ஜங்ஷனில் இறங்குகிற பிள்ளைகள்தான் அதிகம் வருவார்கள். "அண்ணாச்சி, ஆபீசுக்கும் அதே பை, ஊருக்கு வரவும் அதே பை. அப்படி ஒண்ணு தச்சுக் குடுங்க" என்பார்கள். அப்படி ஒரு பையை எப்படித் திட்டமிடுவது என்று இங்கே எழுதுகிறேன். நீங்களே தைத்தாலும் சரி, உங்கள் ஊர்த் தையல்காரரிடம் கொடுத்தாலும் சரி.

முதலில் உங்கள் பழைய பையை எடுத்துப் பாருங்கள். தோள்பட்டை, அதாவது தோளில் மாட்டும் பட்டை, தையல் விட்டிருக்கும், இல்லையென்றால் ஜிப் மூலையில் வாய் பிளந்திருக்கும், இல்லையென்றால் அடி மூலை தேய்ந்திருக்கும். என்னிடம் வரும் பைகள் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றால்தான் வருகின்றன. புதுப் பையை இந்த மூன்று இடத்திலிருந்துதான் யோசிக்க வேண்டும். நிறமும் பாக்கெட்டும் அப்புறம்.

அளவுக்கு ஒரு வழி சொல்கிறேன். தரையில் பாயை விரித்து இரண்டு குவியல் போடுங்கள். ஒன்று, சாதாரண ஆபீஸ் நாளுக்கு எடுத்துப் போவது. இன்னொன்று, இரண்டு ராத்திரி வெளியூருக்கு எடுத்துப் போவது. இரண்டையும் அடுக்கி உயரம், அகலம், ஆழம் அளந்து பாருங்கள். நான் கடைசியில் வந்து சேர்ந்த அளவு உயரம் 46, அகலம் 30, ஆழம் 18 செ.மீ. கிட்டத்தட்ட 25 லிட்டர். உள்நாட்டு விமானத்தில் கைப்பைக்குப் பொதுவாக 55, 35, 25 செ.மீ. வரை விடுகிறார்கள், எடை 7 கிலோ. ஆனால் தூத்துக்குடி விமான நிலையமான வாகைகுளத்திலிருந்து சென்னைக்குப் பறக்கும் ஏடிஆர் போன்ற சின்ன விமானத்தில் மேல் தட்டு குறுகலானது. முழு அளவுக்குத் தைத்தால் அங்கே திணற வேண்டும். பையின் சொந்த எடை ஒரு கிலோவைச் சுற்றி நிற்கட்டும். ஆபீஸ் நாளில் பை பாதி காலியாகத் தொங்கும் அல்லவா, அதற்கு இரண்டு பக்கமும் இழுத்துக் கட்டும் பட்டை வையுங்கள். விரித்துப் பெரிதாக்கும் கூடுதல் ஜிப்பை நான் வைப்பதில்லை. விரித்தால் கனம் முதுகை விட்டுத் தள்ளிப் போய்த் தோளைப் பின்னால் இழுக்கும்.

இனி தோள்பட்டை. கடைப் பைகள் பலவற்றில் பட்டையின் மேல்முனையை முதுகுத் துணிக்கும் மேல் துணிக்கும் நடுவே செருகி ஒரு தையல் ஓட்டிவிடுவார்கள். மொத்தப் பாரமும் அந்த ஒற்றைத் தையலில் தொங்கும். ஏழு கிலோவோடு ஓடிப் போய் பஸ் ஏறும்போது அந்த இடம் வாங்கும் இழுப்பு ஏழு கிலோவுக்கும் மேலே. அதனால் முதுகுத் துணியின் மேல் விளிம்பிலிருந்து ஐந்து, ஆறு செ.மீ. கீழே, குறுக்கே ஒரு நைலான் பட்டையை முழு அகலத்துக்கும் ஓட்டுங்கள். உள்பக்கம் இன்னொரு துணித்துண்டு கொடுங்கள். தோள்பட்டையை அதன்மேல் வைத்துச் சதுரமாகத் தைத்து, சதுரத்துக்குள் பெருக்கல் குறி போடுங்கள். கீழ்முனைக்கு முக்கோணத் துணி வெட்டி, 25 மி.மீ. நாடாவை அதற்குள் வைத்துப் பக்கத் தையலில் சேருங்கள். நாடாவை மட்டும் நேராகச் செருகினால் ஒரு மழைக்காலம் தாண்டாது.

இரண்டு பட்டைக்கும் நடுவே கழுத்தருகே ஐந்து, ஆறு செ.மீ. இடைவெளி போதும். அதிகம் விட்டால் தோளிலிருந்து நழுவும். பெண்களுக்குப் பட்டையைக் கொஞ்சம் வளைத்து வெட்டினால் நெஞ்சை அழுத்தாமல் கைக்குழிப் பக்கம் ஒதுங்கும். உள்ளே ஸ்பாஞ்சு வேண்டாம், சில மாதத்தில் அப்பளமாகிவிடும். ஈவிஏ ஃபோம் என்று கெட்டியான ஒன்று இருக்கிறது, பத்து மி.மீ. தடிமனில் கேளுங்கள். பைக்கில் போகிறவர்களுக்கு நெஞ்சுக்குக் குறுக்கே ஒரு சின்னப் பட்டையும் பக்கிளும் அவசியம். தென்காசி பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறவர்கள் பையை முன்னால் மாட்டிக்கொள்வார்கள், பக்கவாட்டில் ஒரு கைப்பிடி இருந்தால் இறங்கும்போது சுலபம்.

ஜிப்புக்கு வருவோம். ஜிப்பில் பல் கெடுவது அபூர்வம், பிடித்து இழுக்கிற ரன்னர்தான் முதலில் தேயும். இழுத்த பிறகு பின்னால் வாய் திறந்துகொண்டே வந்தால் ரன்னர் தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். ரன்னரை மட்டும் மாற்றினால் போதும், பையைத் தூக்கிப் போட வேண்டாம். பெரிய அறைக்கு எட்டாம் நம்பர் அல்லது பத்தாம் நம்பர் ஜிப், சின்னப் பாக்கெட்டுக்கு ஐந்தாம் நம்பர். மூலையைச் சதுரமாகத் திருப்பாதீர்கள். நான் வீட்டு டபராவைக் கவிழ்த்து வைத்துத்தான் வளைவு வரைகிறேன். அந்த வளைவில் ரன்னர் தடுக்காமல் ஓடும். மூன்று பக்கமும் திறக்கிற மாதிரி வைத்தால், ரயில் பெர்த்தில் படுக்கப் போட்டு அலமாரி போலத் திறக்கலாம். உள் லைனிங் வெளிர் நிறமாக இருக்கட்டும். விளக்கை அணைத்த பெட்டியில் கறுப்பு லைனிங்கில் சார்ஜரைத் தேடியவர்களுக்கு இது புரியும்.

லேப்டாப் அறை முதுகை ஒட்டி இருக்க வேண்டும், கனமான பொருள் உடம்புக்குப் பக்கத்தில் இருந்தால்தான் நடக்க முடியும். 15.6 அங்குல லேப்டாப் ஏறத்தாழ 36க்கு 25 செ.மீ. வரும். அறையின் அடி, பையின் அடியிலிருந்து மூன்று செ.மீ. மேலே தொங்க வேண்டும். பையைத் தொப்பென்று தரையில் வைக்கும்போது காப்பது அந்த மூன்று செ.மீ.தான். முதுகில் இரண்டு நெடுக்கு ஃபோம், நடுவே காற்றுக்கு ஒரு வாய்க்கால், மேலே மென்மையான மெஷ் என்ற வலைத்துணி. நம் ஊர் சித்திரை வெயிலுக்கு இதற்கு மேல் ஒன்றும் செய்ய முடியாது.

எனக்கு ரொம்பப் பிடித்தது அடி அறை. பையின் அடியில், லேப்டாப் அறைக்கு முன்னால், 12 செ.மீ. உயரத்துக்குத் தனி அறை, வெளியிலிருந்து திறக்கும் ஜிப், உள்ளே தண்ணீர் ஒட்டாத லைனிங், துடைத்தால் போய்விடும். ஆபீஸ் நாளில் டிபன் பாக்ஸ் அதில் போகும். சொதி கசிந்தாலும் லேப்டாப்புக்குப் போகாது. ஆனி, ஆடியில் குற்றாலம் போனால் ஈரத் துண்டு. சென்னைக்குத் திரும்பும்போது அல்வா. சூடாக வாங்கிய அல்வாவின் நெய் காகிதத்தைத் தாண்டி, துணியைத் தாண்டி, சட்டை வரை போகும். நெய்க்கறையோடு வந்த பைகளைப் பார்த்துப் பார்த்துத்தான் இந்த அறையைச் சேர்த்தேன்.

துணிக்கு டெனியர் என்று ஒரு கணக்கு. 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் இருக்கிறதோ அதுதான் டெனியர். உடலுக்கு 600 டெனியர் பாலியெஸ்டர், அடிக்கு மட்டும் 1680. நூல் நைலான் அல்லது பாலியெஸ்டர், பருத்தி நூல் நைந்துவிடும். தையல் 3 முதல் 4 மி.மீ. நீளம். நெருக்கமாகத் தைத்தால் பலம் என்று நினைக்காதீர்கள், தபால்தலைத் தாள் மாதிரி அந்த வரியிலேயே கிழியும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி கரை மீறி ஜங்ஷன் பக்கமெல்லாம் வெள்ளம் புகுந்தது. அடுத்த வாரம் என் கடை முழுக்க ஊறிய பைகள். ஸ்பாஞ்சு வைத்தவை நாள் கணக்கில் காயவில்லை, நாறிவிட்டன. ஈவிஏ ஃபோம் வைத்தவை தண்ணீரைக் குடிக்கவில்லை. துணியின் உள்பூச்சு மழையைக் கொஞ்ச நேரம் தாங்கும், ஆனால் ஜிப் வழியாகவும் ஊசித்துளை வழியாகவும் தண்ணீர் இறங்கும். ஐப்பசி, கார்த்திகைக்கு மழை உறை ஒன்று தனியாக மடித்து வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் பாட்டில் பாக்கெட்டுக்கு வலை வேண்டாம், துணியே வைத்து அடியில் ஒரு துளை போடுங்கள்.

வெட்டுவதற்கு முன்னால் காடாத் துணியில் ஒரு மாதிரி தைத்துப் பாருங்கள். செலவு குறைவு. புத்தகங்களைப் போட்டு ஏழு கிலோவாக்கி ஒரு அரை மணி நேரம் நடங்கள். எங்கே உறுத்துகிறதோ அங்கே சுண்ணக்கட்டியால் குறி போடுங்கள். நான் இரண்டு மாதிரிக்குக் குறைந்து எதையும் வெட்டியதில்லை.

பழுது பார்ப்பவனாக ஒன்று கேட்டுக்கொள்கிறேன். லைனிங்கைப் பசை போட்டு ஒட்டாதீர்கள். பக்கத் தையலில் ஒரு கை நுழையும் அளவு, சுமார் 15 செ.மீ., மெஷின் தையல் போடாமல் கைத்தையலில் மூடுங்கள். நாலைந்து வருடம் கழித்துப் பட்டையோ ஜிப்போ மாற்ற வரும்போது, அந்தத் தையலைப் பிரித்துக் கையை உள்ளே விட்டு வேலையை முடித்துவிடலாம், பை முழுவதையும் பிரிக்க வேண்டியிருக்காது.