மூடித் தகடு பூட்டப்படுமுன்: பொலிஸ் உலங்கு வானூர்தியின் பரிசோதனையை மேற்பார்வை செய்யும் முறை

யாழ்ப்பாணத்திலிருந்து விமானப் பராமரிப்புத் துறைக்குச் சென்ற நம் பிள்ளைகளிற் சிலர், இப்போது வெளிநாடுகளில் மேற்பார்வையாளர் பொறுப்பை ஏற்கும் வயதை எட்டியிருக்கிறார்கள். பயணிகள் விமானத்தில் பழகிய ஒருவர் பொலிஸ் வான்பிரிவொன்றின் பரிசோதனைகளை மேற்பார்வை செய்யப் போகும்போது, அவர் கையாளும் கருவிகள் பெரிதாக மாறுவதில்லை. மாறுவது வேலையின் நேரம். காணாமற்போன குழந்தையைத் தேடவேண்டும் என்ற அழைப்பு, எஞ்சின் மூடி திறந்து கிடக்கும் வேளையிலும் வரும். அந்த வேளையில் மேற்பார்வையாளர் என்ன செய்யவேண்டும் என்பதை மனத்தில் வைத்தே இக்குறிப்பை எழுதுகிறேன்.

பொறுப்பேற்ற முதல் வாரத்தில், உங்கள் வானூர்தி எந்தச் சட்டத்தின் கீழ்ப் பறக்கிறது என்பதை எழுத்தில் தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்காவில் பொலிஸ் வானூர்தி அரச வானூர்தியாகப் பறக்கும்போது சிவில் பராமரிப்பு விதிகள் பல அதைக் கட்டுப்படுத்துவதில்லை. அதன் பறப்புத் தகுதியைத் தீர்மானிக்கும் சுமை பெரும்பாலும் பிரிவின் தோளிலேயே விழுகிறது. பிரித்தானியாவிலோ பொலிஸ் வானூர்திகளுக்கென்றே சிவில் விமான அதிகாரசபை தனிவகைச் சான்றிதழ் வழங்குகிறது. விதி கட்டாயப்படுத்தாத இடத்திலும் உற்பத்தியாளரின் கையேட்டையும் அதிகாரசபை விடுக்கும் பறப்புத் தகுதிக் கட்டளைகளையும் முழுமையாகப் பின்பற்றும் பிரிவுகளே நல்ல பிரிவுகள் என்பது என் எண்ணம்.

அடுத்தது திட்டமிடல். பொலிஸ் வானூர்தி குறுகிய பறப்புகளைப் பலமுறை செய்வதால், பறந்த மணித்தியாலங்களை மட்டும் கூட்டிக்கொண்டிருந்தால் ஏமாந்துவிடுவீர்கள். எஞ்சினின் சுழலும் பாகங்களுக்குத் தொடக்கச் சுழற்சிகளின், அதாவது எஞ்சினை இயக்கி நிறுத்தும் தடவைகளின், எண்ணிக்கையாலும் ஆயுள் வரையறுக்கப்பட்டிருக்கிறது. நாளுக்கு ஆறுமுறை எழும்பி இறங்கும் வானூர்தியில் அந்த எண்ணிக்கை மணித்தியாலங்களை முந்தி ஓடும். அமெரிக்க சிவில் விதியில், 100 பறப்பு மணித்தியாலங்களுக்கு ஒருமுறை செய்யும் பரிசோதனையை 10 மணித்தியாலம் வரை தாண்டலாம் என்பதைச் சலுகையாக எண்ணுவோர் உண்டு. அது பரிசோதனை நடக்கும் இடத்துக்குப் பறந்து செல்வதற்கு மட்டுமே உரியது. தாண்டிய நேரம் அடுத்த 100 இலிருந்து கழிக்கப்படும்.

இனி வேலைத்தளத்துக்கு வருவோம். பறப்புக் கட்டுப்பாட்டுத் தண்டுகள், ரோட்டர் இணைப்புகள், எஞ்சின் கட்டுப்பாடுகள் போன்ற முக்கிய இடங்களில், வேலை செய்தவரைத் தவிர இன்னொரு தகுதியுள்ளவர் மீண்டும் பார்க்கவேண்டும். இது பரவலாக ஏற்றுக்கொள்ளப்பட்ட நடைமுறை. அது இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதை 1990 ஜூன் 10 அன்று பர்மிங்ஹாமிலிருந்து மலாகாவுக்குப் புறப்பட்ட விமானத்தில் நடந்ததிலிருந்து அறியலாம். 17,300 அடி உயரத்தில் விமானியறையின் முன்கண்ணாடி பெயர்ந்து பறக்க, கப்டனின் உடல் பாதி வெளியே இழுக்கப்பட்டது. துணை விமானி சவுத்தாம்ப்டனில் விமானத்தை இறக்கினார். கப்டன் உயிர் பிழைத்தார். அந்தக் கண்ணாடியைப் பிடித்திருந்த 90 போல்ட்டுகளில் 84 விட்டத்தில் சிறியவை, எஞ்சிய 6 நீளத்தில் குறைந்தவை. அவற்றைப் பூட்டியவர் பயிலுநர் அல்லர், இரவு வேலைமுறையின் பராமரிப்பு மேலாளர். ஆள் பற்றாத இரவில் தாமே ஸ்பனரை எடுத்து, பழைய போல்ட்டோடு ஒப்பிட்டுக் கண்ணளவில் புதியவற்றைத் தெரிவுசெய்து, தாமே பூட்டி, தாமே கையொப்பமும் இட்டார். அந்த வேலைக்கு இரண்டாமவரின் பரிசோதனை அன்று விதிக்கப்பட்டிருக்கவில்லை.

ஆகவே, நீங்கள் ஸ்பனரைக் கையில் எடுத்த வேலைக்கு நீங்கள் மேற்பார்வையாளராக இருக்கமுடியாது, வேறொருவரை அழையுங்கள். உதிரிப்பாகத்தைக் கண்ணளவில் ஒப்பிட விடாதீர்கள். பாகங்களின் பட்டியலில் உள்ள இலக்கத்தைப் பொதியின் சீட்டிலுள்ள இலக்கத்தோடு வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். சான்றுப்பொருள் எவர் கையிலிருந்து எவர் கைக்குப் போனது என்று எழுதிவைப்பது பொலிஸாருக்குப் பழக்கமானது. உதிரிப்பாகத்தின் சீட்டையும் அதே போலப் பேணவேண்டும் என்று சொன்னால், பறப்பு அனுபவமில்லாத பொறுப்பதிகாரிக்கும் உடனே விளங்கும். மேசையிலிருந்து கையொப்பமிடும் மேற்பார்வையாளர் தாளைத்தான் பரிசோதிக்கிறார். மூடித் தகடு திறந்திருக்கும்போது டோர்ச்சும் நீண்ட காம்புள்ள சிறு கண்ணாடியும் எடுத்துச்சென்று, போல்ட்டுகள் தளராமற் காக்கும் பூட்டுக்கம்பி சரியான திசையில் முறுக்கப்பட்டிருக்கிறதா, நட்டு கழலாமற் காக்கும் பிளவு ஊசி விரிக்கப்பட்டிருக்கிறதா என்று நேரிற் பாருங்கள். பார்த்து முடியுமுன் தகட்டை மூடக்கூடாது என்பதை வேலைச்சீட்டிலேயே ஒரு படியாக எழுதிவிடுங்கள்.

உப்பைப் பற்றிச் சற்று விரித்துச் சொல்லவேண்டும். இங்கு பிறந்தவர்களுக்கு அது புதிதல்ல. பலாலி ஓடுபாதை கடற்கரையிலிருந்து மிக அருகில் இருக்கிறது. வடகீழ்ப் பருவக்காற்று வீசும் மாதங்களில் யன்னற் கம்பிகள் எவ்வளவு விரைவில் துருவேறும் என்பதை வீட்டிலேயே காண்கிறோம். கடலோரத்தில் நிற்கும் வானூர்திக்கும் அதே கதி. பல வகை உலங்கு வானூர்திகளில் கியர்பெட்டியின் உறை மக்னீசியக் கலப்புலோகத்தாலானது. பூச்சில் ஒரு சிறு கீறல் விழுந்தாலும் உப்பீரம் அங்கே அரிக்கத் தொடங்கும். 1988 ஏப்ரல் 28 அன்று, ஹவாய்த் தீவுகளிடையே குறுந்தூரம் பறந்துவந்த போயிங் 737 ஒன்றின் மேற்கூரை வானில் கிழிந்து பறந்து, பணிப்பெண் ஒருவர் உயிரிழந்தார். 89,680 தடவைகள் பறந்திருந்த அவ்விமானத்தில் தகடுகளை இணைத்த பசை பிடிவிட்டு, அரிப்பும் உலோகக் களைப்பும் சேர்ந்து வெடிப்புகள் ஓடியிருந்தன. பராமரிப்புப் பரிசோதனைகள் அவற்றைக் கண்டுபிடிக்கவில்லை. ஏறும்போது கதவருகே வெடிப்பொன்றைப் பயணி ஒருவர் கண்டிருந்தார், எவருக்கும் சொல்லவில்லை. கடலோரத் தளத்தில் அரிப்புப் பரிசோதனையின் இடைவெளியைக் குறைக்கும்படி கையேடு கேட்டால், அதை விருப்பத் தேர்வாகக் கருதாதீர்கள்.

எஞ்சினுக்குள் காற்றை அமுக்கும் பகுதியில் படியும் உப்பைக் கழுவுவது இதனோடு சேர்ந்த வேலை. எஞ்சின் கையேடு சொல்லும் அளவுக்கு ஆறியபின்னரே கழுவவேண்டும். எந்த நீரால் கழுவுவது என்பதிலும் கவனம் வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிணற்றுநீர் சுண்ணாம்புக்கற் படைகளிலிருந்து ஊறி வருவதால் வன்மையானது. கேத்தலின் அடியில் ஒட்டும் வெள்ளைப் படிவே சாட்சி. குடிக்க நன்றாயிருக்கும் நீர் எஞ்சினுக்கு நல்லதாகிவிடாது. உப்பை அகற்றப்போய்ச் சுண்ணாம்பைப் படியவைக்காதபடி, கனிமம் நீக்கிய நீரை வருவித்து, அதில் கரைந்துள்ள திண்மங்களின் அளவு கையேட்டின் வரம்புக்குள் இருக்கிறதா என்று அளந்து பதியச் செய்யுங்கள். செம்மண் தூசி எழும் வெளியில் இறங்கி எழும்பினால், காற்று வடிகட்டியையும் ரோட்டர் அலகுகளின் முன்விளிம்பையும் அன்றே பார்க்கவேண்டும்.

தேடுவிளக்கு, வெப்பக் கமரா, ஒலிபெருக்கி ஆகியன பொலிஸ் வேலைக்காகப் பின்னர் பொருத்தப்படுபவை. இவற்றின் பராமரிப்பு அறிவுறுத்தல் வானூர்தியின் மூலக் கையேட்டில் இராது. தனிக் கோப்பில் இருக்கும், பலமுறை அந்தக் கோப்பு அலமாரியிலேயே தூங்கும். கமராவைக் கழற்றியோ மாற்றியோ பறந்தால் நிறையும் சமநிலையும் மாறும். கணக்கை மீளச் செய்து பதிந்த பின்னரே வானூர்தியைப் பறப்புக்கு விடுவிக்கவேண்டும்.

இறுதியில் அந்த அழைப்பு. பரிசோதனை பாதியில் நிற்கும்போது பணிநிலை அதிகாரி வந்து, “இன்னும் எவ்வளவு நேரம், ஐயா?” என்று கேட்பார். அவரிடம் நிமிடக் கணக்கில் வாக்குக் கொடுக்காமல், எஞ்சியுள்ள படிகளைச் சொல்லுங்கள். வேறு வானூர்தியோ தரைத் தேடுதலோ ஒழுங்கு செய்வதற்கு அவருக்கு அந்தத் தகவலே உதவும். வானூர்தி பறக்கமுடியாது என்ற சிவப்பு அட்டை விமானியின் இருக்கையிலேயே தொங்கவேண்டும். அதை எடுக்கும் அதிகாரம் விடுவிப்புக் கையொப்பமிடுபவருக்கு மட்டுமே உண்டு என்பதைப் பிரிவின் தலைவரிடம் முன்கூட்டியே எழுத்தில் பெற்றுவையுங்கள். அழைப்பு வந்த பதற்றத்தில் வேலையை விட்டு எழுந்தவர் திரும்பி வந்ததும், நிறுத்திய இடத்திலிருந்து தொடரவேண்டாம். மூன்று படிகள் பின்னே போய்த் தொடங்கச் சொல்லுங்கள். வேலைமுறை மாறும்போது பொறுப்புக் கைமாற்றம் வானூர்தியின் அருகே நின்றே நடக்கட்டும், முடியாத வேலைகள் எழுத்தில் இருக்கட்டும். கருவிப்பலகையில் ஒரு ஸ்பனரின் இடம் வெறுமையாக இருந்தால், அது கிடைக்கும்வரை எந்தத் தகடும் மூடப்படாது. எவரும் வீட்டுக்குப் போவதும் இல்லை.