படுத்ததும் கால் குடைகிறதா?

படுத்தவுடன் கெண்டைக்காலுக்குள் ஏதோ ஊர்வது போல ஒரு குடைச்சல், ஆட்டினால் தேவலை, நிறுத்தினால் மறுபடி ஆரம்பம் என்று இருந்தால், புரண்டு புரண்டு படுத்து மல்லுக்கட்டாதீர்கள். எழுந்து கொஞ்ச நேரம் நடங்கள். அப்புறம் சுவரில் கைகளை ஊன்றி, ஒரு காலைப் பின்னால் தள்ளி, குதிகால் தரையை விட்டு எழும்பாமல் முன்னால் சாயுங்கள்; கெண்டைச்சதை நன்றாக இழுபடும், அரை நிமிடம் நின்று கால் மாற்றுங்கள். சிலருக்கு வெந்நீர் ஒத்தடம் கேட்கும், சிலருக்குக் குளிர்ந்த நீர்தான் சரிப்படும்.

மாலைக்கு மேல் காபி, டீ, மது வேண்டாம். சளிக்கும் அரிப்புக்கும் போடுகிற, தூக்கம் வரவைக்கும் அலர்ஜி மாத்திரைகள் பலருக்கு இதைக் கிளப்பிவிடும். தூங்கலாம் என்று நம்பிப் போட்டால் கால் இன்னும் ஆடும்! வாந்தி, மனச்சோர்வுக்கான சில மருந்துகளும் அப்படித்தான், ஆனால் டாக்டர் எழுதிக்கொடுத்ததை நீங்களாக நிறுத்தாமல் அவரிடமே கேளுங்கள்.

அடிக்கடி இப்படி என்றால் ரத்தத்தில் ஃபெரிட்டின் (உடம்பில் இரும்பு எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டும் புரதம்) அளவைப் பாருங்கள்; இரும்பு குறைந்தாலும் இந்தக் குடைச்சல் வரும். ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும் உடம்பின் இரும்புச் சேமிப்பு குறைந்திருக்கலாம், பலரும் கோட்டை விடுவது இங்கேதான். ரிப்போர்ட்டில் 'நார்மல்' என்றே போட்டிருக்கும்; ஆனால் இந்தத் தொல்லை உள்ள பெரியவர்களுக்கு மில்லிலிட்டருக்கு 75 நானோகிராமுக்குக் கீழே இருந்தாலே இரும்புச்சத்து கொடுக்கலாமா என்று டாக்டர்கள் யோசிப்பார்கள். பரிசோதிக்காமல் நீங்களே இரும்பு மாத்திரை வாங்கி விழுங்காதீர்கள், கூடினாலும் ஆபத்து. கர்ப்ப காலத்தில் வந்தது பெரும்பாலும் பிரசவத்துக்குப் பிறகு தானாக அடங்கிவிடும்.