ஆணி மேல் கை: ஆபத்து மேஜிக் ஐட்டம் வாங்கும் முன் செய்து பார்க்க வேண்டியவை

விளம்பர வீடியோவில் ஒருவர் நாலு பேப்பர் கப்பைக் கவிழ்த்து வைக்கிறார். ஒன்றுக்குள் மட்டும் செங்குத்தாக நிற்கும் ஆணி. யாரோ ஒருவர் வந்து கப்புகளை இடம் மாற்றிவிட்டுப் போகிறார். இவர் உள்ளங்கையை விரித்து, படார், படார், படார் என்று மூன்றை நசுக்குகிறார். நாலாவதைத் தூக்கினால் ஆணி பளபளவென்று நிற்கிறது. அந்த வீடியோவை ஒரே ராத்திரியில் ஏழு தடவை பார்த்தேன். எட்டாவது தடவை ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆர்டர் போட்டுவிட்டேன். அதுவரை நான் வாங்கிய எல்லா ட்ரிக்குகளையும் கூட்டினால்கூட அந்த விலை வராது.

வாங்கிய பிறகு கற்றுக்கொண்டதை, வாங்கும் முன் செய்திருக்க வேண்டிய வரிசையில் இங்கே எழுதுகிறேன். சீட்டு, நாணயம், கயிறு இவற்றில் உங்களுக்குக் கொஞ்சம் கை பழகியிருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன். ஐட்டத்தின் ரகசியத்தை முழுதாக உடைக்க மாட்டேன். ஆனால் பாதுகாப்பைப் பற்றிப் பேச எவ்வளவு அவசியமோ அவ்வளவு சொல்லித்தான் ஆக வேண்டும்.

படி 1: இது எந்த ரகம் என்று பாருங்கள்

ஆபத்து ஐட்டங்கள் மொத்தமே இரண்டு ரகம். முதல் ரகத்தில் ஆபத்து வெறும் தோற்றம். கை நுழைக்கும் கில்லட்டின் (மேலிருந்து கத்தி விழுந்து வெட்டும் சட்டம்), பெட்டிக்குள் கத்தி செருகுவது எல்லாம் இதில் சேரும். அமைப்பே உங்களைக் காப்பாற்றும்படி செய்யப்பட்டிருக்கும். இரண்டாம் ரகத்தில் ஆபத்து நிஜம். ஆணி நிஜ ஆணி. உங்களைக் காப்பாற்றுவது, அது எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரிந்திருப்பது மட்டுமே. முதல் ரகம் சொதப்பினால் மானம் போகும். இரண்டாம் ரகம் சொதப்பினால் ஆஸ்பத்திரி.

பராமரிப்பு இல்லையென்றால் முதல் ரகம் சத்தமில்லாமல் இரண்டாம் ரகமாகிவிடும், இதையும் மனதில் வையுங்கள். சுங் லிங் சூ என்ற பெயரில் சீனராக வேஷம் கட்டி ஆடிய அமெரிக்கர் வில்லியம் ராபின்சன், 1918 மார்ச் 23 அன்று லண்டன் வுட் கிரீன் எம்பயர் அரங்கில் துப்பாக்கிக் குண்டைப் பிடிக்கும் வித்தையைச் செய்தார். குண்டு இருக்கும் குழாய் வெடிக்கவே கூடாது, அதன் கீழே உள்ள இன்னொரு குழாயில்தான் வெறும் மருந்து வெடிக்க வேண்டும். துப்பாக்கியின் அமைப்பு அப்படி. ஆனால் ஒவ்வொரு காட்சி முடிந்ததும் குண்டை முறைப்படி வெளியே எடுக்காமல், துப்பாக்கியின் பின்பகுதியைக் கழற்றி அந்த வழியாக எடுப்பதையே அவர் வழக்கமாக வைத்திருந்தார். நாளடைவில் மருந்துத் தூள் இடுக்கில் இறங்கிச் சேர்ந்துவிட்டது. அன்று பொறி அந்த வழியாக மேல் குழாய்க்குப் போய்விட்டது. மறுநாள் இறந்துபோனார். பல வருஷம் பிசகாமல் நடந்த ஐட்டம் அது.

படி 2: பழுதானால் எந்தப் பக்கம் பழுதாகும்?

என்னைக் கவிழ்த்தது இந்தப் படிதான். அதனால் இதை மட்டும் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

நான் வாங்கியதில் உடம்பில் மறைத்துக்கொள்ளும் சின்னக் கருவி ஒன்று வந்தது. ஆணி இருக்கும் கப்புக்கு மேல் கை போனால் மெல்ல அதிரும். அதிர்ந்தால் தொடாதே, அதிராவிட்டால் அடி. செய்முறைத் தாளில் இருந்தது அவ்வளவுதான். எவ்வளவு சுலபம் என்று நினைத்தேன்.

நல்ல காலம், பழகும்போது ஆணியைக் கழற்றிவிட்டு, அதே உயரத்துக்கு ரப்பர் வைத்த பென்சில் துண்டு ஒன்றைச் செருகியிருந்தேன். கருவி கவனிப்பது ஆணி நிற்கும் அடிக்கட்டையைத்தான் என்பதால் ஆணி இல்லாவிட்டாலும் அது வேலை செய்யும். இரண்டு வாரம் ஒரு பிசகும் இல்லை. மூன்றாவது வாரம் ஒரு சாயங்காலம், முதல் கப்புக்கு மேல் கையைக் கொண்டுபோனேன். அதிரவில்லை. அடித்தேன். இரண்டாவது, அதிரவில்லை. அடித்தேன். உள்ளங்கை நடுவில் ணங்கென்று ஏதோ முட்டியது. கையைத் திருப்பிப் பார்த்தால் ரப்பர் அளவுக்கு ஒரு சிவப்பு வட்டம். கொஞ்ச நேரம் அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கருவியைக் கழற்றிப் பார்த்தேன். பேட்டரி தீர்ந்திருந்தது.

கருவி செத்துவிட்டால் அதிராது. ஆணி இல்லாத கப்புக்கும் அதிராது. கைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். அதாவது பழுதாகும்போது அந்தக் கருவி என்னிடம் ‘ஆபத்தில்லை, அடி’ என்று சொல்கிறது. விலை உயர்ந்த ஐட்டத்தில் இதைவிட மோசமான குறை இருக்க முடியாது.

அன்றிலிருந்து வைத்திருக்கும் வழக்கம் இது. அடிப்பதற்கு முன் நாலு கப்புக்கு மேலும் கையை ஒரு சுற்று கொண்டுபோகிறேன். பார்ப்பவர்களுக்கு அது நாடகமாகத் தெரியும், எனக்கு அது சோதனை. நாலில் ஒன்று, ஒன்றே ஒன்று, அதிர வேண்டும். ஆணி இங்கே என்று உறுதியாகத் தெரிந்த பிறகுதான் மற்ற மூன்றையும் அடிப்பேன். அதற்குப் பிறகு பேட்டரி போனாலும் கவலையில்லை, இடம் ஏற்கெனவே மனதில் இருக்கிறது. ஒன்றுமே அதிரவில்லை என்றாலோ, இரண்டு அதிர்ந்தாலோ அடி கிடையாது. பார்வையாளரையே நாலு கப்பையும் ஒவ்வொன்றாகத் தூக்கச் சொல்லி வேறு முடிவுக்குப் போய்விடுவேன். அந்த மாற்று முடிவையும் அசல் முடிவைப் போலவே பழகி வையுங்கள். மேடையில் யோசிக்க நேரம் இருக்காது.

கருவியை மட்டும் நம்பாமல், கண்ணுக்குத் தெரியும் அடையாளம் ஒன்றும் இருக்கட்டும். இரண்டும் ஒரே கப்பைக் காட்ட வேண்டும். ஒத்துப்போகவில்லையா, நிறுத்துங்கள்.

விற்பவரிடம் ஒரே கேள்வி கேட்டால் போதும்: ‘இதில் எது கெட்டுப்போனால் என்ன நடக்கும்?’ கெட்டே போகாது என்று பதில் வந்தால் வாங்காதீர்கள்.

படி 3: விலையை மேடைக் கணக்காக மாற்றுங்கள்

ஐட்டத்தின் விலையை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். தூக்கிப்போகும் பெட்டி, ஆடாத மேஜை, ஒவ்வொரு காட்சிக்கும் நாசமாகும் கப், பேட்டரி எல்லாம் சேர்த்து எனக்கு இன்னொரு 35 ஆனது. மொத்தம் 135. முதல் வருஷம் ஆறு மேடைதான் கிடைத்தது. ஒரு மேடைக்கு 22.5. அதே வருஷம் நான் எல்லா மேடையிலும் செய்த கயிறு வித்தைக்கு ஆன செலவு கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. கைத்தட்டல் கயிறுக்கும் குறையவில்லை என்பதைக் கொஞ்சம் வயிற்றெரிச்சலோடு பதிவு செய்கிறேன்.

படி 4: ஆணிக்குப் பதில் தண்ணீர்

வாங்குவதற்கு முன் இதைக் கட்டாயம் செய்யுங்கள். ஒரு சின்ன பலூனில் தண்ணீர் நிரப்பி நாலு கப்பில் ஒன்றுக்குள் வையுங்கள். எது என்று உங்களுக்கு மட்டும் தெரிகிற மாதிரி அடையாளம் செய்துகொள்ளுங்கள். நாலு பேரை உட்காரவைத்து முழு ஐட்டத்தையும் நடத்துங்கள். தவறினால் சட்டை நனையும், அவ்வளவுதான். சட்டை நனைவதற்கே பார்ப்பவர்கள் மூச்சைப் பிடித்தால், ஆணிக்கும் பிடிப்பார்கள். நான் முதன்முதலில் இதைச் செய்தபோது அக்கா மகன் கொட்டாவி விட்டுக்கொண்டே, “மாமா, சீக்கிரம் அடிங்க, விளையாடப் போகணும்” என்றான். குறை என்னிடம்தான் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. விலை உயர்ந்த ஐட்டம் அந்தக் குறையை மறைத்திருக்குமே தவிர, தீர்த்திருக்காது.

பயம் கருவியில் இருந்து வருவதில்லை என்பதற்குப் பழைய ஆட்களே சாட்சி. 1921 ஜனவரியில் லண்டனில் பி.டி. செல்பிட் பெண்ணை இரண்டாக அறுக்கும் வித்தையை மேடையேற்றினார். கருவி என்று பார்த்தால் ஒரு மரப்பெட்டியும் ரம்பமும்தான். காட்சிகளுக்கு நடுவே அரங்கத்துக்கு வெளியே வாளி வாளியாகச் சிவப்புத் திரவத்தைச் சாக்கடையில் கொட்டச் செய்தார். வரிசையில் நின்றவர்களுக்கு உள்ளே போவதற்கு முன்பே வயிறு கலங்கியது. நம் பி.சி. சர்க்கார் 1956 ஏப்ரல் 9 அன்று பிபிசியின் பனோரமா நிகழ்ச்சியில் அதே போல் ஒரு பெண்ணை அறுத்தார். அந்தப் பெண் எழுவதைக் காட்டுவதற்குள் நிகழ்ச்சி முடிந்துவிட்டது. செத்தேபோய்விட்டாள் என்று நினைத்து ஜனங்கள் பிபிசிக்குப் போன் போட்டுத் துளைத்துவிட்டார்கள். அந்தப் பரபரப்பைக் கிளப்பியது ரம்பமா, முடியாமல் நின்ற அந்த முடிவா? எனக்குச் சந்தேகமே இல்லை.

படி 5: பெட்டி வந்ததும்

இதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஆணி அடிக்கட்டையில் திருகி நிற்க வேண்டும், பசையில் ஒட்டியிருந்தால் திருப்பி அனுப்புங்கள். அடிக்கட்டை அகலமாக இருக்கட்டும், குறுகியது கப்புக்குள் சாய்ந்துவிடும். விளக்கு வெளிச்சத்தில் நிழல் தெரியாத தடித்த கப் வாங்குங்கள். பட்டன் பேட்டரியைவிட, எங்கும் கிடைக்கும் சாதாரணப் பேட்டரி போடும் கருவி மேல். என் விருப்பம் கேட்டால் மின்கருவியே இல்லாத வடிவம்தான் எல்லாவற்றையும்விட மேல். விலையும் குறைவு, தீர்ந்துபோய் ஏமாற்ற அதில் பேட்டரியும் இல்லை.

ரப்பர் வைத்த பென்சிலோடு நூறு தடவை. நடுவில் ஒரு பிசகு வந்தால் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து. ஒரு நோட்டில் தேதி, எண்ணிக்கை, பேட்டரி மாற்றிய நாள் எழுதி வாருங்கள். எனக்கு நூறை எட்ட மூன்று முயற்சி ஆனது.

படி 6: யார் கை?

உங்கள் கை மட்டும். பார்வையாளர் கையைப் பிடித்து அடிக்கச் சொல்லும் வடிவத்தைச் சில விற்பனை வீடியோக்கள் பெரிய வெடிபோலக் காட்டுகின்றன. 2016-இல் போலந்து தொலைக்காட்சியின் காலை நிகழ்ச்சி ஒன்றில் கப்புக்குப் பதில் காகிதப் பைகளை வைத்து இதைச் செய்தார்கள். மேஜிக்காரர் தொகுப்பாளினியின் கையைப் பிடித்துப் பையின் மேல் அழுத்த, ஆணி கைக்குள் ஏறிவிட்டது. நேரலையில். தன் கையைத் தானே அழுத்தும்போது உறுத்தினால் நிறுத்த ஒரு வாய்ப்பாவது இருக்கிறது. அடுத்தவர் கையில் அந்த உணர்வு நமக்கு வராது.

பின்சேர்க்கை 1: பின்னூட்டத்தில் ஒருவர், சட்டைப் பையில் இருந்த செல்போன் அதிர்ந்ததைக் கருவியின் அதிர்வு என்று நினைத்துக் குழம்பியதாக எழுதியிருந்தார். எனக்குத் தோன்றவே இல்லை. போனை மேடைக்குக் கொண்டுபோகாதீர்கள். ‘ஒன்றே ஒன்று அதிர வேண்டும்’ என்ற விதி இந்த இடத்திலும் காப்பாற்றும், ஆனால் ஐட்டம் பாதியில் நிற்கும்.

பின்சேர்க்கை 2: ‘கடைசியில் வாங்கலாமா வேண்டாமா, நேராகச் சொல்லுங்க’ என்று நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள். வருஷத்துக்குப் பதினைந்து மேடைக்கு மேல், பெரும்பாலும் புதுப் பார்வையாளர்கள், படி 2-இன் கேள்விக்கு நல்ல பதில், இந்த மூன்றும் இருந்தால் வாங்கலாம். வீட்டு விசேஷம், நண்பர்கள் கூட்டம் அளவில் ஆடுபவர் என்றால் வேண்டாம், தண்ணீர் பலூனே போதும். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் ஆணி வடிவம் பூட்டுப் போட்ட பெட்டியில் கிடக்க வேண்டும், அதற்கு இடமில்லை என்றாலும் வேண்டாம்.

பின்சேர்க்கை 3: பாதி விலைக்கு யாரோ பயன்படுத்திய ஐட்டம் கிடைக்கிறது, எடுக்கலாமா என்று கேட்ட தம்பிக்கு: விற்பவரிடம் பழகிய நோட்டு இருக்கிறதா என்று கேளுங்கள். நான் என் கருவியை விற்றபோது நோட்டையும் சேர்த்தே கொடுத்தேன். பேட்டரி தீர்ந்த அந்தச் சாயங்காலத்தின் தேதிக்குக் கீழே சிவப்புப் பேனாவில் ஒரு வட்டம் போட்டிருப்பேன், ரப்பர் அளவுக்கு. வாங்கியவர் அது என்ன என்று கேட்டார், சொன்னேன். மின்கருவியை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, கட்டையையும் கப்புகளையும் மட்டும் எடுத்துக்கொண்டு போனார்.