எல்லார் காரும் ஒரே மாதிரி இருந்தால்: தொடக்கப்பள்ளித் தொழில்நுட்ப வகுப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரப் பக்கத்துப் பள்ளிகளில் பருவக் கடைசியில் பிள்ளைகளின் கைவேலையை மேசையில் பரப்பி வைப்போம். அந்த மேசையைப் பார்த்தாலே வகுப்பு எப்படி நடந்தது என்று சொல்லிவிடலாம். எல்லாக் காரும் ஒரே நீளம், ஒரே நிறம், ஒரே இடத்தில் சக்கரம் என்றால், யோசித்தவர் ஆசிரியர் ஒருவர்தான். பிள்ளைகள் வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். பார்வைக்கு அழகாக இருக்கும், பெற்றோரும் பாராட்டுவார்கள். ஆனால் பாடத்தின் உயிர் போய்விட்டது.

தென்னாப்பிரிக்கப் பாடத்திட்டத்தில் கிரேடு 4 முதல் 6 வரை இயற்கை அறிவியலும் தொழில்நுட்பமும் சேர்ந்து ஒரே பாடம். வாரத்துக்கு மூன்றரை மணி நேரம். கிரேடு 7இல்தான் தொழில்நுட்பம் தனியாகப் பிரிகிறது. ஆராய்வது, வடிவமைப்பது, செய்வது, மதிப்பிடுவது, எடுத்துச் சொல்வது என்று ஐந்து படிகள் நமக்குத் தரப்பட்டிருக்கின்றன. அறிவியல் பகுதியை முடிக்கவே நேரம் போதாத நெருக்கடியில், நம்மில் பலர் நடுவில் உள்ள ‘செய்வது’ ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்கிறோம். மற்ற தவறுகள் பெரும்பாலும் இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

முதல் தவறு, செய்து முடித்த மாதிரியைத் தொடக்கத்திலேயே காட்டுவது. மாதிரியைப் பார்த்த பிள்ளை அதைத்தான் செய்யும். அதற்குப் பதிலாக ஒரு சிக்கலைக் கொடுங்கள். நம் ஊரில் சிக்கலுக்கா பஞ்சம்? சாட்ஸ்வொர்த், வெஸ்ட்வில் பக்கம் ஜன்னலைத் திறந்து வைத்தால் குரங்கு வந்து ரொட்டியை எடுத்துக்கொண்டு போவது எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். ‘குரங்கு திறக்க முடியாத, ஆனால் ஆயா ஒரு கையால் திறக்கக்கூடிய ரொட்டிப் பெட்டி வேண்டும்’ என்று சொல்லிப் பாருங்கள். எல்லார் வீட்டிலும் அடுக்கி வைத்திருக்கும் 2 லிட்டர் ஐஸ்கிரீம் டப்பாவே போதும். ஒருவன் ரப்பர் பேண்டால் கட்டுவான், ஒருத்தி கொக்கி வைப்பாள், இன்னொருவன் மூடிமேல் கல்லை ஏற்றுவான். கல்லை ஆயாவால் ஒரு கையில் தூக்க முடியுமா என்று அவனே வீட்டில் கேட்டுவரட்டும். ஆராய்வது என்றால் இதுதான். இணையத்தில் படம் தேடி ஒட்டினால் ஆராய்ச்சி ஆகிவிடாது.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. ‘உங்களுக்குப் பிடித்ததைச் செய்யுங்கள்’ என்று விட்டுவிட்டால் பாதிப் பேர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். யாருக்காக, எதற்காக, எந்தப் பொருள்களை வைத்து என்ற மூன்றையும் தெளிவாகச் சொன்னால்தான் பிள்ளைக்குக் கற்பனை ஓடும்.

வரைபடத்தை ஓவியமாக்கிவிடுவது அடுத்தது. வண்ணம் தீட்டிய அழகான படம் கேட்கிறோம். எந்தப் பகுதி எதால் ஆனது, எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்பதில்லை. வேலை முடிந்த பிறகு கோப்புக்காக வரையச் சொல்வது இன்னும் மோசம். வரையும் முன் பொருளைக் கையில் கொடுத்து மடக்க, கிழிக்க, சுருட்ட விடுங்கள். நெளிவு அட்டை ஒரு திசையில் சுலபமாக மடியும், மறு திசையில் மடியாது என்பதைக் கை அறிந்த பிறகுதான் வரைபடத்தில் அர்த்தம் இருக்கும். அப்புறம், ஸ்கேலை ஒன்றிலிருந்து வைத்து அளக்கும் பிள்ளைகள் கிரேடு 5இலும் இருக்கிறார்கள். பூஜ்யத்திலிருந்து அளப்பதை ஒவ்வொருவர் பக்கத்திலும் நின்று பார்த்துவிடுங்கள்.

கைத்திறனைச் சொல்லித்தராமலே வேலையைக் கொடுத்துவிடுகிறோம். சக்கரத்தையே பாருங்கள். பாட்டில் மூடியைக் காரின் உடம்போடு பசை வைத்து ஒட்டிவிட்டு, ஏன் ஓடவில்லை என்று விழிக்கும் பிள்ளை எல்லா வகுப்பிலும் உண்டு. சொசாட்டி குச்சிதான் (இறைச்சித் துண்டுகளைக் கோத்துச் சுடும் மெல்லிய குச்சி) அச்சு. கூர்முனையை முதலில் நறுக்கிவிடுங்கள். குச்சியை ஸ்ட்ராவுக்குள் நுழைத்து, ஸ்ட்ராவை மட்டும் காரின் அடியில் டேப்பால் ஒட்ட வேண்டும். குச்சியின் இரு முனையிலும் மூடி இறுக்கமாக நிற்க வேண்டும். அப்போது குச்சியும் மூடியும் சேர்ந்து சுழலும். மூடியில் ஓட்டை நடுவில் இல்லாவிட்டால் கார் நொண்டும். இரண்டு ஸ்ட்ராவும் இணையாக இல்லாவிட்டால் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். நடுவைக் கண்டுபிடிக்க, மூடியைத் தாளில் வைத்துச் சுற்றி வரைந்து, வட்டத்தை வெட்டி, இரண்டு முறை மடித்தால் போதும்: மடிப்புக் கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடம்தான் நடு. ஓட்டை போடுவது பெரியவர் வேலை.

மின்சாரப் பாடத்தில் எல்ஈடி விளக்கை முதல் நாளே கொடுத்துவிடாதீர்கள். 1.5 வோல்ட் பேட்டரி ஒன்றில் அது எரியாது. சிவப்பு எல்ஈடிக்கே ஏறக்குறைய 2 வோல்ட் வேண்டும். அதன் இரண்டு கம்பிக் கால்களை இடம் மாற்றிச் சொருகினாலும் எரியாது. 9 வோல்ட் பேட்டரியில் மின்தடையம் (மின்னோட்டத்தைக் குறைக்கும் சிறு உறுப்பு) இல்லாமல் இணைத்தால் கருகிவிடும். எங்கே பிழை என்று பிள்ளையால் கண்டுபிடிக்க முடியாது. டார்ச் பல்பு எந்தப் பக்கம் இணைத்தாலும் எரியும், அதிலிருந்து தொடங்குங்கள். பொத்தான் பேட்டரியை வகுப்புக்குள்ளேயே கொண்டுவர வேண்டாம்: சிறு பிள்ளை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். வீட்டுச் சுவரில் இருப்பது 230 வோல்ட், அதில் கை வைக்கவே கூடாது என்பதை ஒவ்வொரு பாடத்திலும் திரும்பச் சொல்லுங்கள்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது, சோதித்துப் பார்க்காமல் விட்டுவிடுவதுதான். தாள் பாலம் கட்டுகிறார்கள், மதிப்பெண் போடுகிறோம், கதை முடிந்தது. அதன்மேல் எடை வைத்தோமா? எங்கே முதலில் வளைந்தது என்று பார்த்தோமா? மறுபடி கட்ட ஒரு வகுப்பாவது ஒதுக்கினோமா? உடைந்த பாலத்துக்கு மதிப்பெண்ணைக் குறைத்தால் பிள்ளை அடுத்த முறை உடைசலை டேப்பால் மறைக்கும். ஏன் உடைந்தது, என்ன மாற்றினாய் என்ற இரண்டு கேள்விக்கும் மதிப்பெண் கொடுங்கள். அதே பிள்ளை உடைசலைத் தூக்கிக்கொண்டு வந்து காட்டும்.

கிரேடு 4இல் சட்டகம் வரும்போது இதை நன்றாகப் பார்க்கலாம். நான்கு குச்சிகளை ஒரே அளவில் நறுக்கி, ரப்பர் பேண்டால் சதுரமாகக் கட்டித் தள்ளினால் சாய்ந்துவிடும். நீளமான குச்சி ஒன்றைக் குறுக்காகக் கட்டினால் அசையாது, முக்கோணம் வந்துவிட்டது. இதை விளக்க அயல்நாட்டுப் பாலப் படங்களையே நம்பியிருக்கிறோம். தைப்பூசத்துக்கு முன்னால் பூவும் மயில்பீலியும் கட்டாத வெறும் காவடிச் சட்டத்தைக் காட்டலாமே! வளைவு எதைத் தாங்குகிறது, குறுக்குக் கட்டை எதற்கு, தோளில் எடை எங்கே உட்காருகிறது என்று கேட்டால், அப்பாவோ மாமாவோ கட்டுவதைப் பார்த்த பிள்ளை கையை உயர்த்தும். பக்கத்திலேயே ஜூலு மக்களின் பழைய புல்வீட்டையும் வையுங்கள்: மெல்லிய கழிகளை வளைத்துக் கட்டிய குவிமாடம் அது. நம் தெருக்களில் பையன்கள் பழைய கம்பியை முறுக்கிச் செய்யும் கார், அதை நடந்துகொண்டே ஓட்ட நீண்ட ஸ்டியரிங் கம்பி! அந்தப் பையனை வகுப்பின் முன்னால் நிறுத்தி விளக்கச் சொல்லுங்கள்.

கடைசியாக, வீட்டுக்கு அனுப்பும் புராஜெக்ட். மறுநாள் வருவது அப்பாவின் வேலையாகவோ கடையில் வாங்கிய அட்டையாகவோ இருக்கும். காசில்லாத வீட்டுப் பிள்ளை வெறுங்கையோடு வரும். வீட்டிலிருந்து வீட்-பிக்ஸ் காலை உணவு வந்த அட்டைப் பெட்டி, டப்பா, மூடி போன்ற கழிவுப் பொருள் மட்டும் வரட்டும்; எல்லாம் பொதுப் பெட்டியில் சேரட்டும். வேலை முழுக்க வகுப்பிலேயே நடக்கட்டும். பசை காய மணிக்கணக்கில் ஆகும், அதனால் ஒட்டும் வேலையை வகுப்பின் கடைசிப் பத்து நிமிடத்துக்கு வையுங்கள். பெயர் எழுதிய தட்டில் அலமாரிமேல் வைத்துவிட்டால் மறுநாள் கெட்டியாக இருக்கும்.