செம்பின் அடியை நேர்கோடாகக் கீறாதீர்கள்

வன்னியில் பிள்ளைகளுக்குச் சித்திரம் பழக்கும்போது, அசையாப் பொருள் ஓவியம் என்றதும் பலர் அப்பிளும் திராட்சையும்தான் கீறுகிறார்கள். எல்லாம் போனில் பார்த்த படங்கள். பொருள் முன்னால் இல்லை, அதில் விழும் வெளிச்சமும் இல்லை. மற்றப் பிழைகள் எல்லாம் இங்கேதான் தொடங்குகின்றன என்பேன். குசினிக்குள் போய் ஒரு செம்பு, ஒரு கடகம், இரண்டு விளாம்பழம் எடுத்து வாருங்கள். 1990களில் போர்க்காலப் பொருளாதாரத் தடை இருந்தபோது மண்ணெண்ணெயை மிச்சம் பிடித்து எரித்த ஜாம் போத்தல் விளக்கு வீட்டு மூலையில் இன்னும் கிடந்தால் அதையும் வையுங்கள். இத்தாலிய ஓவியர் மொராண்டி (1890–1964) ஒருசில போத்தல்களையும் சாடிகளையும் மாற்றி மாற்றி அடுக்கியே பல பத்தாண்டுகள் வரைந்தார்.

அதிகம் பிழைப்பது செம்பில். வாயை நீள்வட்டமாகக் கீறிவிட்டு அடியை நேர்கோடாக இழுத்துவிடுவார்கள். செம்பு தரையில் தட்டையாக இருக்கிறது என்று மனம் சொல்வதைக் கை கேட்டுவிடுகிறது. செம்பைக் கண்மட்டத்துக்கு உயர்த்திப் பாருங்கள், வாய் ஒரு கோடாகத் தெரியும். மெல்ல இறக்கினால் அந்தக் கோடு விரிந்து வட்டத்தை நோக்கிப் போகும். அடி இன்னும் கீழே இருப்பதால் அதன் வளைவு வாயின் வளைவைவிடக் கூடுதலாகத்தான் வரவேண்டும். நீள்வட்டத்தின் இரு முனைகளும் வேப்பிலைபோலக் கூராகக்கூடாது, உருண்டு திரும்பவேண்டும்.

கலியாண வீட்டுப் படம்போல எல்லாவற்றையும் ஒரே வரிசையில் நிறுத்தாதீர்கள். ஒன்று மற்றதைக் கொஞ்சம் மறைக்கட்டும்.

மாமரத்தடியில் மத்தியான வெயிலில் வைத்து வரைந்தால், இலைக்கூடாக விழும் வெயில் பொட்டுகள் உருவத்தை உடைத்துவிடும். ஒரு யன்னல் திறந்த அறை போதும். நிழலின் எல்லையை முதல் பத்து நிமிடத்துக்குள் மெல்லிதாகக் குறியுங்கள். பிறகு வெயில் எங்கே நகர்ந்தாலும் அதை மாற்றவேண்டாம்.

நிழலுக்கு வெறும் கறுப்பைப் பூசுவது எனக்கு மிகவும் மனவருத்தம் தரும் பிழை. செம்மண் தரையில் வைத்த பித்தளைச் செம்பின் நிழல்பக்கத்தை உற்றுப் பாருங்கள், தரையின் சிவப்பு அதில் ஏறியிருக்கும். கடும் நீலத்தோடு செம்பழுப்பைக் கலந்தால் உயிருள்ள இருள் கிடைக்கும்.

பழத்தைத் துடைத்து அழகாக்கவும் வேண்டாம். 1600ஐ ஒட்டி இத்தாலிய ஓவியர் கரவாஜ்ஜியோ வரைந்த பழக்கூடையில் அப்பிளில் புழுத்துளை இருக்கிறது, இலைகள் வாடியிருக்கின்றன. விளாம்பழ ஓட்டின் சொரசொரப்பை அப்படியே விடுங்கள்.

செவ்வரத்தம்பூ வைத்திருந்தால் அதை முதலில் முடியுங்கள், பின்னேரத்துக்குள் கூம்பிவிடும். மிக மெதுவாக வரையும் பிரெஞ்சு ஓவியர் செசான், பூக்கள் வாடிவிடும் என்பதால் சிலவேளை கடதாசிப் பூக்களை வைத்தே வரைந்தார்.