முதல் விமானத்துக்கு முன்னால் கேமராவோடு நிற்கப் போகிறவர்களுக்கு

புதுத் தடத்தின் முதல் விமானத்தைத் தண்ணீர் பீய்ச்சி வரவேற்கும் வாட்டர் சல்யூட் முழுசாக ஒரு நிமிஷம்கூட நிற்பதில்லை. இரண்டு பக்கமும் தீயணைப்பு வண்டிகள், மேலே வளைந்து சேரும் தண்ணீர், அதற்குள் நுழைந்து வெளியே வரும் விமானம், அவ்வளவுதான். வேலூர் சத்துவாச்சாரியில் பதினெட்டு வருஷமாகக் கல்யாணப் படம் எடுக்கிற எனக்கு அது தாலி ஏறுகிற நொடி. கெட்டிமேளம் முழங்கும்போது லென்ஸ் மாற்றிக்கொண்டிருந்தால் போச்சு. அதே மாதிரி, ஒரு புதுத் தடத்தில் முதல் விமானம் ஒரே ஒரு தடவைதான் வரும்.

விமான நிறுவனங்களின் தொடக்க விழாக்களுக்கு என்னைக் கூப்பிட ஆரம்பித்து ஏழு வருஷம் ஆகிறது. வேலூரிலிருந்து சென்னை சுமார் 140 கிலோமீட்டர், பெங்களூரு சுமார் 210. காட்பாடியில் ரயில் ஏறினால் எந்தப் பக்கமும் போய் வரலாம். நம் அப்துல்லாபுரம் விமான நிலையத்திலும் ஒரு நாள் பயணிகள் விமானம் வந்து நிற்கும். அன்றைக்கு நம் ஊர்ப் பையன்கள் தயாராக இருக்க வேண்டும் என்ற ஆசையில்தான் இதை எழுதுகிறேன்.

முதல் வேலை அனுமதி. 1937ஆம் ஆண்டு விமான விதிகளில் 13ஆவது விதியே இதற்காகத்தான் இருக்கிறது: அரசு விமான நிலையத்தில் எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் படம் எடுக்கக் கூடாது. விழா நடத்துகிறவர்கள் ‘எல்லாம் பேசியாச்சு, வந்துடுங்க’ என்பார்கள். வாசலில் துப்பாக்கியோடு நிற்கும் தொழிற்பாதுகாப்புப் படைக்காரருக்கு அந்தப் பேச்சு தெரியாது. உங்கள் பெயர் போட்ட பாஸ் கையில் இருக்கிறதா, அதில் விமானம் நிற்கும் இடம் வரை போக அனுமதி இருக்கிறதா என்று முந்தின நாளே பாருங்கள். டெர்மினலோடு முடிகிற பாஸை வைத்துக்கொண்டு வாட்டர் சல்யூட் எடுக்க முடியாது. நான் கேமரா, லென்ஸ் எல்லாவற்றின் சீரியல் நம்பரையும் ஒரு தாளில் எழுதி இரண்டு பிரதி கொண்டுபோவேன். ட்ரோனை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். நம் பழைய வட ஆற்காட்டுக்காரர்களுக்கு இன்னொரு வார்த்தை: அரக்கோணம் ராஜாளி கடற்படைத் தளம். 1992இலிருந்து இயங்குகிறது. அங்கிருந்து கிளம்பும் பி-8ஐ விமானத்தைப் பார்த்தால் கை துறுதுறுக்கும். பழகிப் பார்க்கலாம் என்று அந்த வேலி ஓரம் கேமராவைத் தூக்கவே தூக்காதீர்கள்.

பழக வேண்டுமென்றால் காட்பாடி இருக்கிறது. 2022 நவம்பர் 11 அன்று மைசூரு–சென்னை வந்தே பாரத் முதல் ஓட்டமாகக் காட்பாடி வந்தபோது நான் பிளாட்பாரத்தில்தான் இருந்தேன். கூட்டத்தில் எனக்குக் கிடைத்ததெல்லாம் முதுகுகளும் தூக்கிப் பிடித்த செல்ஃபோன்களும். விழா என்றால் ஒரு மணி நேரம் முன்னால் போய் இடம் பிடிக்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. ஓடுகிற வண்டியோடு கேமராவைத் திருப்பி எடுக்கும் பேனிங்கையும், ஸ்டேஷனில் கேட்டுக்கொண்டு, நிற்காமல் போகும் ரயில்களில் பழகலாம். ஷட்டர் 1/60 நொடியில் பத்துப் படத்துக்கு இரண்டு கூர்மையாக விழுந்தால் நல்ல ஆரம்பம்.

இனி வெளிச்சம். இதில்தான் நான் ஒரு முழு விழாவைத் தவறவிட்டேன். என்னுடைய இரண்டாவது வேலை அது. ஏற்பாடு செய்தவர் காட்டிய இடத்தில் கேட்காமல் போய் நின்றுவிட்டேன். மாலை நாலேகால் மணி, சூரியன் நேர் எதிரே. தண்ணீர் எழும்பியதும் வெள்ளைச் சுவர் மாதிரி ஆனது, நடுவில் விமானம் கரிக்கட்டை. எதிர்ப் பக்கம் நின்றிருந்த சாமான் ஏற்றும் பையன் செல்ஃபோனில் எடுத்ததைக் காட்டினான். விமானத்தின் மூக்குக்கு மேலே முழு வானவில். பத்தாயிரம் ரூபாய் ஃபோனில் கிடைத்தது, என் கேமராவில் இல்லை. அன்று இரவு காட்பாடி வரை வாய் திறக்காமல் வந்தேன்.

அது அதிர்ஷ்டம் இல்லை, கணக்கு. வானவில் சூரியனுக்கு நேர் எதிர்த் திசையைச் சுற்றி 42 டிகிரியில்தான் தெரியும். அந்த எதிர்த் திசை எது? உங்கள் தலையின் நிழல் விழும் இடம். கையை முழுசாக நீட்டி விரலை விரித்தால் ஒரு சாண் ஏறக்குறைய 20 டிகிரி. ஆக, தலை நிழலிலிருந்து இரண்டு சாண் தள்ளி வானவில் நிற்கும். சூரியன் 42 டிகிரிக்கு மேலே ஏறிவிட்டால் வில் தரைக்குக் கீழே போய்விடும். நம் பக்கத்தில் தோராயமாகக் காலை ஒன்பது மணிக்குள், பிற்பகல் மூன்றரைக்கு மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். உச்சிவெயிலில் விழா வைத்தால் வானவில்லை மறந்துவிட்டு, தண்ணீரின் வளைவை மட்டும் பாருங்கள். வானவில் எடுக்கும்போது போலரைசர் ஃபில்டரைக் கழற்றிவிடுங்கள். வானவில்லின் ஒளி ஏற்கெனவே ஒரு திசைப்பட்டது. ஃபில்டர் தப்பாகத் திரும்பியிருந்தால் வில்லே காணாமல் போகும்.

போன தடவை உதவிக்கு வந்த தம்பி கேட்டான்: “அண்ணா, தண்ணி பீய்ச்சச்சொல்ல நான் எங்க நிக்கறது?”

“ஒன் நெழல பாரு. நெழலு பிளேன் பக்கம் வுழுந்தா நீ நிக்கற எடம் சரி.”

சென்னையின் பெரிய ரன்வே 07/25. நம்பரைப் பத்தால் பெருக்கினால் திசை: 70 டிகிரி, 250 டிகிரி, அதாவது ஏறக்குறைய கிழக்கு மேற்கு. டெர்மினல்கள் ரன்வேக்குத் தெற்குப் பக்கம். அதனால் அங்கிருந்து ரன்வேயைப் பார்த்து எடுத்தால் வருஷத்தில் பெரும்பாலான நாள் வெளிச்சம் நம் முதுகுப் பக்கம். ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுவரை நடுப்பகல் சூரியன் நமக்கு வடக்கே போய்விடும். நம்பாவிட்டால் மே மாதம் உச்சிவேளையில் நம் வேலூர்க் கோட்டை அகழி ஓரம் நின்று பாருங்கள், நிழல் தெற்கே விழும். அந்த மாதங்களில் நடுப்பகல் விழா என்றால் எதிர்வெளிச்சத்துக்குத் தயாராகப் போக வேண்டும்.

காற்றையும் பாருங்கள். காற்று வரும் பக்கம் நின்றால் சாரல் உங்களை விட்டு விலகிப் போகும். எதிர்ப் பக்கம் நின்றால் லென்ஸ் முழுக்கத் துளி. அது காய்ந்தால் உப்புத் தண்ணீர்க் கறை மாதிரி வெள்ளைப் புள்ளியாக ஒட்டும். பழைய பருத்தி வேட்டியில் கிழித்த நாலு துண்டு எப்போதும் என் சட்டைப் பையில் இருக்கும். புதுத் துணி தண்ணீரை உறிஞ்சாமல் லென்ஸ் முழுக்கப் பரப்பிவிடும்.

எந்த லென்ஸ்? எல்லாரும் 70–200ஐத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். கணக்குப் போடுங்கள்: ஃபுல் ஃபிரேம் சென்சாரின் அகலம் 36 மில்லிமீட்டர். 36ஐ தூரத்தால் பெருக்கி விமானத்தின் நீளத்தால் வகுத்தால் தேவையான லென்ஸ் கிடைக்கும். ஏ320இன் நீளம் 37.57 மீட்டர். 50 மீட்டர் தள்ளி நின்றால் 48 மில்லிமீட்டரிலேயே மூக்கும் வாலும் விளிம்பைத் தொட்டுவிடும். தண்ணீர் வளைவும் வேண்டுமென்றால் 35க்கு வர வேண்டும். 2022 அக்டோபரில் பெங்களூருவுக்கு வரத் தொடங்கிய எமிரேட்ஸின் ஏ380 மாதிரி 72.7 மீட்டர் நீளம் என்றால் 100 மீட்டர் பின்னால் போயும் 50தான். ஆகவே முதல் கேமராவில் 24–70. நீள லென்ஸ் இரண்டாவது கேமராவில், காக்பிட் ஜன்னலிலிருந்து விமானி கொடி நீட்டும் அந்தச் சில நொடிக்காக.

விமானத்தின் முகம் இடது பக்கம். பயணிகள் ஏறுவது இறங்குவது அந்தப் பக்கம்தான், கேப்டன் உட்காருவதும் அங்கேதான். டெர்மினலிலிருந்து நீளும் நடைபாலமான ஏரோபிரிட்ஜ் வந்து ஒட்டிவிட்டால் அந்த முகம் மறைந்துவிடும். எடுக்க வேண்டியதை அதற்கு முன்னாலேயே எடுத்துவிடுங்கள்.

ஜெட் என்றால் ஷட்டரை 1/1000 வைத்துத் தண்ணீரை முத்து முத்தாக நிறுத்தலாம். ஏடிஆர் மாதிரி புரொப்பெல்லர் விமானம் வந்தால் அது உதவாது, புரொப்பெல்லர் அசையாமல் நின்றுபோன மாதிரி விழும். ஏடிஆர் 72இன் புரொப்பெல்லருக்கு ஆறு இறக்கை, ஒன்றுக்கொன்று 60 டிகிரி. கிளம்பும்போது நிமிஷத்துக்கு ஏறத்தாழ 1200 சுற்று, நொடிக்கு 20. ஷட்டர் 1/125 என்றால் அது திறந்திருக்கும் நேரத்தில் ஒவ்வொரு இறக்கையும் 58 டிகிரி நகர்ந்து அடுத்ததன் இடத்துக்கே வந்துவிடும், வட்டம் நிறைந்துவிடும். தரையில் ஊர்ந்து வரும்போது சுற்று குறைவு, அதனால் 1/80க்கு இறங்குங்கள். அப்போது தண்ணீர் பட்டுத் துணி மாதிரி வரும், அதுவும் அழகுதான். வெள்ளை உடம்புள்ள விமானத்தைக் கேமரா சாம்பலாக்கிவிடும். எக்ஸ்போஷரை +0.7 ஏற்றி, வெளிச்சமான பகுதி விவரமே இல்லாமல் வெளுத்துப்போகிறதா என்று ஒரு தடவை பாருங்கள்.

வெயில் நமக்குப் புதுசில்லை. ஆனால் அக்னி நட்சத்திரத்தில் தரையிலிருந்து கிளம்பும் கானல், நீள லென்ஸில் விமானத்தின் எழுத்தையெல்லாம் நெளிய வைத்துவிடும். எந்த விலை லென்ஸும் அதைச் சரிசெய்யாது. பக்கத்தில் போக வேண்டும், இல்லையென்றால் காலை எட்டு மணிக்குள் எடுக்க வேண்டும்.

விமானம் நிற்கும் பகுதியில் லென்ஸ் மூடி, பேட்டரி உறை, தாள் எதையும் கையில் வைத்திருக்காதீர்கள். எல்லாம் ஜிப் போட்ட பைக்குள். 2000 ஜூலை 25 அன்று பாரிஸில் கான்கார்ட் விழுந்து 113 பேர் இறந்ததற்குத் தொடக்கம், முன்னால் போன விமானத்திலிருந்து ரன்வேயில் விழுந்த ஒரு உலோகத் துண்டு. ஒரு லென்ஸ் மூடி இன்ஜினுக்குள் போனால் என்ன ஆகும் என்று நினைத்தாலே எனக்கு வயிறு கலங்கும். எரிபொருள் நிரப்பும்போது பக்கத்தில் ஃபிளாஷ் கூடாது. ஃபிளாஷைக் கழற்றியே வைத்திருங்கள்.

உள்ளே நடக்கும் குத்துவிளக்கு, ரிப்பன், கேக் எல்லாம் கல்யாண மேடைதான், உங்களுக்குத் தெரியும். ஒரே ஒரு எச்சரிக்கை: நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்குகள் நொடிக்கு 100 தடவை துடிக்கும். ஷட்டர் 1/100 அல்லது 1/50 இல்லாவிட்டால் படத்தில் கருப்புப் பட்டைகள் விழும்.

சிறப்பு விருந்தினரை எல்லாரும் எடுப்பார்கள். நீங்கள் வரிசையில் நிற்கும் பயணிகளிடம் போங்கள். விழாவில் உயிர் அங்கேதான் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். சென்னையில் ஒரு தொடக்க விமானத்துக்குக் குடியாத்தத்திலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார். மகளைப் பார்க்கப் போகிறார், முதல் விமானப் பயணம். போர்டிங் பாஸ் எங்கே என்று கேட்டேன். முந்தானை முடிச்சை அவிழ்த்தார். எட்டாக மடித்து, சில்லறையோடு சேர்த்து முடிந்து வைத்திருந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்து, “தம்பி, இத வாங்கிக்குவாங்களா, திருப்பிக் குடுப்பாங்களா?” என்றார். ஒரு துண்டு திருப்பிக் கொடுப்பார்கள் என்று சொன்னதும் வந்த சிரிப்பைத்தான் எடுத்தேன். 35 மில்லிமீட்டர், இரண்டடி தூரம், ஜன்னல் வெளிச்சம். அந்த நிறுவனம் கடைசியில் பெரிதாக அச்சடித்து மாட்டியது அந்தப் படத்தைத்தான். இப்படி எடுக்கும் முன் கேளுங்கள், எடுத்த பின் காட்டுங்கள், நம்பர் வாங்கி அவர்களுக்கே முதலில் அனுப்புங்கள்.

நோட்டில் உடனே எழுத வேண்டியவை: தேதி, விமான எண், உடம்பில் இருக்கும் பதிவெண் (இந்திய விமானமென்றால் வி.டி. என்று தொடங்கும்), தரை தொட்ட நேரம், விமானிகளின் பெயர், படத்தில் இருப்பவர் பெயர், ஊர். சில செயலிகள் நேரத்தை யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் காட்டும், ஐந்தரை மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். பத்திரிகைகளுக்கு ஐந்து படம் டெர்மினலிலிருந்தே போக வேண்டும். மீதி இருபதை நான் ரயிலில் உட்கார்ந்து அனுப்புவேன், அரக்கோணம் தாண்டுவதற்குள் முடிந்துவிடும். கார்டை மட்டும் வீட்டுக்கு வந்து இரண்டு ஹார்ட் டிஸ்கில் காப்பி ஆகும்வரை அழிக்காதீர்கள்.