படகு விளக்கு மங்குவது ஏன்? மின்தடையையும் மின்திறனையும் கணக்கிட்டு அறியும் முறை

பாம்பன், மண்டபம், தொண்டி என இராமநாதபுரம் கடற்கரை நெடுகிலும் இரவுத் தொழிலுக்குச் செல்லும் படகுகளில் விளக்கு, ஜி.பி.எஸ்., வயர்லெஸ் ஆகியவை பேட்டரியை நம்பியே இயங்குகின்றன. விளக்கு மங்கினால் பேட்டரி போய்விட்டது என்று முடிவு கட்டி, புதியது வாங்கிவிடுகிறார்கள். ஆனால் பேட்டரி நன்றாக இருக்கும்போதே, உப்புக் காற்றில் களிம்பேறிய இணைப்புகள் மின்சாரத்தைத் தின்றுகொண்டிருப்பது உண்டு. செலவு செய்வதற்கு முன் இதைக் கணக்கிட்டுப் பார்த்துவிடலாம். அதற்கு வோல்ட், ஆம்பியர், ஓம் மூன்றையும் அளக்கும் ஒரு மல்டிமீட்டரும், பெருக்கவும் வகுக்கவும் தெரிந்திருப்பதும் போதும்.

தேவையான விதிகள் இரண்டே. ஜெர்மானிய இயற்பியலாளர் கியோர்க் சைமன் ஓம் 1827-இல் வெளியிட்ட விதியிலிருந்து கிடைப்பது முதலாவது: மின்னழுத்தத்தை (வோல்ட்) மின்னோட்டத்தால் (ஆம்பியர்) வகுத்தால் மின்தடை ஓம் அளவில் கிடைக்கும். இரண்டாவது, மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் பெருக்கினால் மின்திறன் வாட் அளவில் கிடைக்கும். மீட்டர் மில்லி ஆம்பியரில் காட்டினால், கணக்கில் இடுவதற்கு முன் 1000-ஆல் வகுத்துக்கொள்ள வேண்டும். 250 மில்லி ஆம்பியர் என்பது 0.25 ஆம்பியர்.

மின்னழுத்தத்தை அளக்க மீட்டரை டி.சி. வோல்ட் நிலையில் வைத்து, விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே இரு முனைகளையும் தொட வேண்டும். மின்னோட்டத்தை அளக்கும் முறை வேறு: விளக்கை அணைத்து, ஃபியூஸைக் கழற்றி, அந்த இடைவெளியில் மீட்டரைத் தொடராக இணைத்துவிட்டு, சிவப்பு வயரை 10 ஆம்பியர் துளையில் செருகிய பிறகே சுவிட்சைப் போட வேண்டும். அந்தத் துளையில் வயர் இருக்கும் நிலையில் பேட்டரியின் இரு முனைகளையும் தொட்டுவிட்டால் பேட்டரியே குறுக்குச் சுற்றாகிவிடும் (ஷார்ட் சர்க்யூட்) என்பதால், அளந்து முடித்தவுடன் வயரை வோல்ட் துளைக்கு மாற்றிவிடுங்கள். பேட்டரி அடைத்த பெட்டிக்குள் இருந்தால் முதலில் திறந்து காற்றாட விடுங்கள். சார்ஜ் ஆகும்போது வெளிவரும் ஹைட்ரஜன் ஒரு சிறு பொறியிலும் வெடிக்கும்.

ஒரு ஹாலஜன் விளக்கை எடுத்துக்கொள்வோம். பேட்டரியில் 12.5 வோல்ட், விளக்கின் முனைகளில் 10.9 வோல்ட், மின்னோட்டம் 4 ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால், விளக்கின் மின்தடை 10.9 ÷ 4, அதாவது ஏறத்தாழ 2.7 ஓம்; அது பெறும் திறன் 10.9 × 4 = 43.6 வாட். பலர் இத்துடன் நிறுத்திவிடுகிறார்கள். நமக்கு வேண்டிய செய்தியோ, வழியில் காணாமற்போன 1.6 வோல்ட்டில்தான் இருக்கிறது. அதை 4-ஆல் வகுத்தால் பாதையின் மின்தடை 0.4 ஓம், பெருக்கினால் வீணாகும் திறன் 6.4 வாட்.

இதில் வயரின் பங்கு எவ்வளவு? 1.5 சதுர மி.மீ. செம்பு வயருக்கு ஒரு மீட்டர் நீளத்துக்குச் சுமார் 0.012 ஓம் என்று கொள்ளலாம். விளக்கு 5 மீட்டர் தள்ளி இருந்தால், போக 5, வர 5 என 10 மீட்டர் வயருக்கு 0.12 ஓம். மீதி 0.28 ஓம் முழுவதும் இணைப்புகளில் இருக்கிறது. அங்கே மட்டும் ஏறத்தாழ 4.5 வாட் வெப்பமாகிறது. சுண்டுவிரல் நுனியளவு ஃபியூஸ் பிடிப்பானுக்குள் இதில் பெரும்பங்கு அடங்கினால் அதன் பிளாஸ்டிக் பழுப்பேறி இளகத் தொடங்கும்.

எந்த இணைப்பு என்று கண்டுபிடிக்க, விளக்கை எரியவிட்டு, ஒவ்வோர் இணைப்பின் இருபுறமும் மீட்டர் முனைகளை வைத்து வோல்ட் பாருங்கள். பேட்டரி முனைக்கும் கிளிப்புக்கும் இடையில் 0.07, சுவிட்சில் 0.35, ஃபியூஸ் பிடிப்பானில் 0.70 என்று வந்தால் குற்றவாளி யாரென்று தெரிந்துவிடுகிறது: 0.70 ÷ 4 = 0.175 ஓம். இவ்வளவு சிறிய தடையை மீட்டரின் ஓம் நிலையில் அளக்க முயல வேண்டாம். மீட்டர் வயர்களுக்கே அதற்கு ஒப்பான தடை இருக்கும். மின்சாரம் ஓடும் சுற்றில் ஓம் நிலையைப் பயன்படுத்தவே கூடாது. அணைந்திருக்கும் ஹாலஜன் விளக்கையும் அப்படி அளந்து பயனில்லை. இழை குளிர்ந்திருக்கும்போது அதன் தடை எரியும்போது இருப்பதில் மிகச் சிறிய பங்குதான். எல்.இ.டி. விளக்கில் வோல்ட்டை ஆம்பியரால் வகுத்துக் கிடைக்கும் எண் அந்த நேரத்துக்கு மட்டுமே பொருந்தும். திறன் கணக்கு மட்டும் சரியாகவே வரும்.

வீட்டு மின்சாரம் 230 வோல்ட் ஏ.சி. என்பதால் அதில் இச்சோதனைகளைச் செய்யாதீர்கள்; பொருளின் மேல் எழுதியிருப்பதை வைத்துக் கணக்கிட்டாலே போதும். இரண்டு விதிகளையும் சேர்த்தால், வோல்ட்டை வோல்ட்டாலேயே பெருக்கி வாட்டால் வகுக்கத் தடை கிடைக்கும்; தடையால் வகுக்க வாட் கிடைக்கும். 1000 வாட் இஸ்திரிப் பெட்டியின் தடை 230 × 230 ÷ 1000 = 52.9 ஓம். மின்னழுத்தம் 190-க்கு இறங்கினால் அது தருவது 190 × 190 ÷ 52.9, அதாவது சுமார் 682 வாட். மோட்டாருக்கு வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் மட்டும் வாட் கிடைக்காது. அந்தப் பெருக்கலில் எவ்வளவு பங்கு உண்மையில் திறனாகிறது என்று காட்டும் எண்ணான திறன் காரணியாலும் பெருக்க வேண்டும்.

படகுக்கு வருவோம். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, பச்சைக் களிம்பை உப்புத்தாளால் தேய்த்தெடுத்து, முறுக்கி, வாஸ்லின் பூசி மூடுங்கள். அரித்துப்போன ஃபியூஸ் பிடிப்பானைத் தேய்ப்பதைவிட மாற்றுவதே மேல். பின்பு விளக்கில் 11.9 வோல்ட்டும் 4.2 ஆம்பியரும் காட்டினால் திறன் ஏறத்தாழ 50 வாட். பாதைத் தடை 0.6 ÷ 4.2 = 0.14 ஓம். அதில் 0.12 வயருடையது என்பதால், இனி இணைப்புகளில் தேட வேண்டியதில்லை. இன்னும் வெளிச்சம் வேண்டுமானால் 4 சதுர மி.மீ. வயர் போடலாம், அதே 10 மீட்டருக்குத் தடை சுமார் 0.046 ஓம்தான். வெள்ளீயம் பூசிய செம்பு வயர் கிடைத்தால் அதையே வாங்குங்கள், உப்புக் காற்றை அது நெடுநாள் தாங்கும்.